ஆரி ஊசி எடுக்குமுன்

கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்ய மேலூரிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறிய காலம் போய், இப்போது நம் ஊர்ப் பெண்களே வீட்டில் பிரேம் மாட்டி உட்கார்ந்துவிட்டோம். கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சிகளின் கொக்கி ஊசியிலிருந்து வளர்ந்த கலை இது. செயின் ஸ்டிச் சீக்கிரம் வந்துவிடும். போடுகிற பூவெல்லாம் ஒருத்தி உடுத்தி, வியர்த்து, பந்தியில் உட்கார்ந்து எழப்போகிற துணியில் இருக்கிறது என்ற நினைப்பு வரத்தான் நாளாகும்.

செய்ய வேண்டியவை

துணியை வெட்டாமல் பிரேமில் ஏற்றுங்கள். அளவு ஜாக்கெட்டை வைத்துக் கழுத்து, கை, தோள் குறித்த கையோடு, தையலுக்கு விடும் இடத்தையும் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு மணிகூடப் போகக் கூடாது. என் முதல் ஜாக்கெட்டில் நிறைவாக இருக்கட்டும் என்று ஓரம்வரை பீட்ஸ் வைத்தேன். தைத்துக் கொடுக்கும் அண்ணனின் மெஷினில் மூன்று ஊசி உடைந்தது. ஊசிக்குக் காசு கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து மணியைப் பிரித்தேன்.

துணி விறைப்பாக நிற்க வேண்டும்; விரலால் சுண்டினால் சத்தம் கேட்க வேண்டும். பட்டை நேராக இழுத்துக் கட்டினால் ஓரத்தில் இழை விலகிவிடும். நான்கு பக்கமும் காடாத் துணியை ஒட்டுத் தைத்து, அதைப் பிடித்து இழுங்கள்.

டிசைனைப் பட்டர் ஷீட்டில் வரைந்து, ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியால் ஒற்றினால் கோடு விழும். மண்ணெண்ணெய் பறந்துவிடும், பொடி நிற்கும். மண்ணெண்ணெய் இப்போது குதிரைக்கொம்பு என்பதால் பலரும் மஞ்சள் கார்பன் தாளுக்கு மாறிவிட்டார்கள், அதுவும் சரிதான். எதுவானாலும் முதலில் ஒரு துண்டுத் துணியில் பார்த்துவிடுங்கள்.

ஊசிப் பிடியின் திருகும் கொக்கியும் ஒரே பக்கம் பார்க்கட்டும். துணிக்குள் போன கொக்கி கண்ணுக்குத் தெரியாது. திருகைப் பார்த்துத்தான் கை திருப்ப வேண்டும்.

செயின் முடிகிற இடத்தில் பூட்டு போடுங்கள். போடாவிட்டால் கடைசிக் கண்ணியை இழுத்ததும் வரிசை முழுக்கச் சரசரவென்று அவிழ்ந்துவிடும். சிவப்பு, மெரூன் நூல்களை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை

அக்குளில் கல் வைக்காதீர்கள், கையை அறுக்கும். முந்தானை படிகிற இடது தோளில் கூரான குந்தனும் வேண்டாம். சேலை இழையை மாட்டி இழுத்துவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பட்டு அது.

ஜர்தோசிச் சுருளைப் பிடித்து இழுக்காதீர்கள், சுருள் திறந்தால் பழையபடி மூடாது. அளவாக நறுக்கி, கைஊசியில் கோத்துத் தையுங்கள். பால்பாயிண்ட் பேனா பிரேம் பக்கமே வரக் கூடாது.

சுங்குடியை மணியால் மூடாதீர்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைத் துணி அது. முடிச்சு போட்டு வந்த புள்ளிதான் அதன் அழகு. கழுத்தோரம் ஒற்றைச் செயின் ஓடினால் போதும்.

படித்த வேலையையெல்லாம் ஒரே ஜாக்கெட்டில் கொட்ட வேண்டாம். மதுரை புதுமண்டபத் தையல்காரர்கள் சித்திரைத் திருவிழாவுக்குத் தைத்த அழகர் வேட உடையில் சரிகை பளபளக்கும். வைகைக் கூட்டத்தில் தூரத்திலிருந்து தெரிய வேண்டியது அது. கல்யாண ஜாக்கெட்டைக் கேமரா ஒரு முழத் தூரத்தில் பார்க்கிறது. அங்கே கோணலாகப் போன ஒரு கொடிகூடத் தப்பாது. நிறைய வைப்பதைவிட நேராக வைப்பதுதான் கஷ்டம்.

ஆவணி, தை முகூர்த்தங்களுக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டாதீர்கள். ஆடியிலேயே துணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், கை ஓய்வாக இருக்கிற மாதம் அது. முன்பணம் வாங்காமல் பிரேம் மாட்ட வேண்டாம், சித்தி மகளாக இருந்தாலும்.

ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: வேலைமேல் சென்ட் அடிக்கக் கூடாது, இஸ்திரி உள்பக்கம்தான், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சரிகை கறுத்துப்போனால் திரும்ப நம் வாசலுக்குத்தான் வருவார்கள்.