ஒப்பந்தப் புள்ளியும் நடுவுநிலையும்

அரசாங்கம் ஒரு பாலங் கட்டுவிக்கவோ, மருந்து வாங்கவோ, விடுதியொன்றிற்கு உணவளிக்கவோ கருதின், அதனைச் செய்ய வல்லாரை விளம்பரத்தால் அழைக்கின்றது. வருவோர் தத்தம் விலையையும் தகுதியையும் எழுதி முத்திரையிட்டு அளிப்பர். இதனை ஒப்பந்தப் புள்ளி என்றும், டெண்டர் என்றும் வழங்குவர். புள்ளிகளை ஆராய்ந்து அரசாங்கம் ஒருவரைத் தேர்ந்த பின்னர், தேரப்படாதார், 'எம்மை மதிப்பிட்ட முறை பிழையுடைத்து' என முறையிடுவராயின், அதனைக் கேட்பார் யார்? கேட்பார் எதனை ஆராய்வர்? எதனை ஆராயாது விடுவர்? இவற்றிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம். வணிகர் இருவர்தம் பூசலால் மாணாக்கராகிய நமக்கு யாது பயன் எனச் சிலர் வினவக்கூடும். செலவாவது பொதுப்பணம், அதனை வரியாகத் தருவார் குடிமக்கள். ஆதலின் இஃது எல்லார் வழக்குமேயாம்.

விலையொன்றே அளவாயின் மதிப்பீடு எளிது. எண்ணத் தெரிந்தார் எவரும் குறைந்த விலையைக் கண்டுகொள்வர். விலையோடு தரமும், திறமும், பட்டறிவும் ஒருங்கே சீர்தூக்கப்படும்பொழுதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. தூக்குவோர் மனம் ஒருபாற் சாய்தற்கு ஆண்டு இடமுண்டு. அதுபற்றியே, எவ்வெவற்றை எவ்வெவ்வளவு கருதுவோம் என்பதனை அரசாங்கம் முன்னரே அறிவித்தல் வேண்டும் என்றும், அறிவித்த அளவையை இடையில் மாற்றலாகாது என்றும் விதி எழுந்தது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். நம் கல்லூரியில் ஒரு கட்டுரைப் போட்டி நிகழ்வதாகக் கொள்வோம். 'பத்துப் பக்கம் எழுதுக. அதற்குமேல் எழுதினும் மிகுதி மதிப்பெண் இல்லை' என்பது அறிவிப்பு. ஒருவர் பத்துப் பக்கத்தோடு நிறுத்தினார். மற்றொருவர் பதினைந்து எழுதினார். நடுவர் பின்னவர்க்கே பரிசளித்து, 'மிகுதியாக எழுதினமையே காரணம்' என்பாராயின், முன்னவர் வருந்தாரோ? அவர் நிறுத்தியது இயலாமையால் அன்று; அறிவிப்பை நம்பியதனாலாம். பின்னவர் கட்டுரை உண்மையிற் சிறந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் போட்டி நேரிதாகாது.

இவ்வெடுத்துக்காட்டினை ஒத்ததொரு நிகழ்ச்சி அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. வானிற் பறக்கும் போர் விமானங்களுக்கு ஆண்டே எரிபொருள் வழங்கும் விமானங்கள் 179 செய்தற்குரிய ஒப்பந்தத்தை, அந்நாட்டு விமானப்படை 2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் நார்த்ராப் கிரம்மன் என்னும் நிறுவனத்திற்கு அளித்தது. அந்நிறுவனம் ஏர்பஸ் விமானங்களைச் செய்யும் ஐரோப்பிய நிறுவனத்தாரோடு கூடி நின்றது. ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 3,500 கோடி டாலர். எதிர்நின்ற போயிங் நிறுவனம் மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் முறையீடு தொடுத்தது.

அம்முறையீட்டைக் கேட்டது, அந்நாட்டுச் சட்டமன்றமாகிய காங்கிரசைச் சார்ந்த கணக்காய்வு அலுவலகம். 1921ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வலுவலகம் ஆட்சித்துறைக்கு உட்பட்டதன்று. ஒப்பந்த முறையீடுகளைக் கேட்டு 100 நாட்களுக்குள் முடிவுரைக்கும் கடமையைச் சட்டம் அதற்கு விதித்துள்ளது. ஜூன் 18ஆம் நாள் அது முறையீட்டை ஏற்று முடிவு கூறிற்று.

அது கண்ட பிழைகளுள் நான்கினை ஈண்டுக் காட்டுவாம். ஒன்று: குறித்த இலக்கினை மிஞ்சினும் அம்மிகுதி கருதப்படாது என அறிவித்திருந்தும், எரிபொருள் வழங்கும் திறத்தில் இலக்கினைப் பெரிதும் மிஞ்சினமையை நார்த்ராப் நிறுவனத்திற்குரிய முதன்மைச் சிறப்பாக விமானப்படை கொண்டது. நம் கட்டுரைப் போட்டியின் பதினைந்து பக்கம் இதுவே. இரண்டு: ஓர் இலக்கினை முழுதும் எய்தினீர் எனப் போயிங் நிறுவனத்தாரிடம் கூறிவிட்டுப் பின்னர், ஒரு பகுதியே எய்தினர் எனத் தமக்குள் முடிவு செய்து, அதனை அவர்க்கு உணர்த்தாதே, மற்றவரோடு மட்டும் அப்பொருள்பற்றி உரையாடினர். மூன்று: விமானங்களைப் பழுதுபார்க்கும் பணியைப் படையினரே இரண்டாண்டிற்குள் மேற்கொள்ள உதவுதல் வேண்டும் என்னும் நிபந்தனைக்கு நார்த்ராப் நிறுவனம் உடன்படாதிருக்க, அதனை எழுத்து வேலையிலுற்ற சிறு தவறு எனத் தள்ளிவிட்டனர். நான்கு: வாழ்நாட் செலவைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்தது, பிழை களைந்தவழிப் போயிங் நிறுவனத்தின் செலவே குறைவு என்பதை விசாரணையில் விமானப்படையினரே ஒப்புக்கொண்டனர்.

ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கற்பாலது. எந்த விமானம் சிறந்தது என்று அவ்வலுவலகம் கூறவில்லை. அது தம் வேலையன்று என்றே கூறிற்று. போயிங் நிறுவனத்தார் காட்டிய குறைகளுட் பலவற்றை அது மறுக்கவும் செய்தது. தராசில் வைத்த பொருளை அது தானே மீண்டும் நிறுக்கவில்லை. படிக்கல் அறிவித்த கல்தானா, இருவர்க்கும் ஒரே கல்லா என்பதனையே ஆராய்ந்தது. மதிப்பிடும் அறிவு துறையினர்க்கு உரியது. மதிப்பீடு நேர்வழிப்பட்டதா எனக் காண்டல் முறை கேட்பார்க்கு உரியது. இவ்வெல்லையே இப்பொருளின் உயிர்நிலை.

நம் நாட்டு நீதிமன்றமும் இவ்வெல்லையைக் கண்டுளது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்துதற்கு 1977ஆம் ஆண்டு பன்னாட்டு விமான நிலைய ஆணையத்தார் புள்ளிகள் வேண்டினர். இரண்டாந் தரத்து உணவகம் நடத்துவோராகப் பதிவு பெற்று, ஐந்தாண்டுப் பட்டறிவும் உடையராதல் வேண்டும் என்பது நிபந்தனை. அத்தகுதியில்லாத ஒருவர் மிகுந்த தொகை தர முன்வந்தாராக, அவர் புள்ளியே ஏற்கப்பட்டது. 'நிபந்தனை தளர்த்தப்படும் என அறிந்திருப்பின் யாமும் புள்ளி அளித்திருப்போமே' என மற்றொருவர் வழக்குத் தொடுத்தார். 1979ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் நீதிபதி பகவதி தீர்ப்புரைத்தார். அரசாங்கம் தான் வகுத்த அளவைக்குத் தானே கட்டுப்பட்டது என்றும், தகுதியில்லாதார் புள்ளியை ஏற்றது சமத்துவ நெறிக்கு முரணானது என்றும் அத்தீர்ப்பு நிறுவிற்று. ஆயினும் வழக்காடினார்க்கு அதனாற் பயன் கிட்டவில்லை. அவர் ஐந்து திங்களுக்கு மேல் தாழ்த்து வந்தார். அதற்குள் மற்றவர் 1,25,000 ரூபாய் செலவிட்டிருந்தார். வழக்குத் தொடுத்தவரும் பிறர் பொருட்டு வந்தவர்போற் காணப்பட்டார். அறம் வென்றது, அவர் தோற்றார். முறை வேண்டுவார் உரிய காலத்தில், தூய நோக்கோடு வருதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் கைப்பேசி உரிமம் பற்றிய 1994ஆம் ஆண்டு வழக்கில், தாம் முடிவு செய்யப்பட்ட முறையையே ஆராய்வதன்றி மேல்முறையீட்டு மன்றம்போல் அமர்வதில்லை என அந்நீதிமன்றமே தெளிவாக்கிற்று.

இத்தகைய முறையீடுகளாற் காலம் வீணாகின்றது என்பாரும் உளர். அது முற்றும் பொய்யன்று. அமெரிக்க வழக்கில் புதிய போட்டி நிகழ்ந்து 2011ஆம் ஆண்டு போயிங் நிறுவனமே ஒப்பந்தம் பெற்றது. முதல் விமானம் படையினர் கையை அடைந்தது 2019ஆம் ஆண்டில். ஆயினும் முறையிட வழியே இல்லாவிடின் யாது நேரும்? நேர்மையாளர் புள்ளி அளித்தலையே விட்டொழிவர். அணுக்கம் உடையாரே எஞ்சி நிற்பர். அவர் கேட்ட விலையே விலையாகும். தாழ்ந்து வந்த விமானத்தின் இழப்பு ஒருமுறை நேர்வது. நம்பிக்கை கெட்ட நாட்டின் இழப்பு ஆண்டுதோறும் நேர்வது.

நம்முட் பலர் நாளை அரசாங்கப் பணியில் அமர்வர். புள்ளிகளைப் பிரித்து நோக்கும் மேசையும் சிலர்க்கு வாய்க்கும். அன்று, 'இவர் சிறந்தவர்' என உள்ளம் துணிந்தவிடத்தும், 'யாம் முன்னர் அறிவித்தது யாது?' என்று ஒருமுறை ஏட்டைப் புரட்டிப் பார்ப்பாராயின், அவர்மேல் முறையீடு எழாது, எழினும் நில்லாது.