வலி உணர்த்தும் எல்லை

நுழையும்முன்

உடல் உறுதிக்காக ஓடுவோர்க்குச் சிறு காயங்கள் நேர்வது இயல்பு. அவற்றை மறைத்து ஓடுவது வீரமன்று. அறிந்து பேணுவதே அறிவுடைமை என்பதை விளக்குகிறது இப்பாடம்.

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலவு நாளில் இலட்சக்கணக்கானோர் வலம்வரும் அப்பாதையில், ஏனைய நாள்களின் விடியலில் நடைப்பயிற்சியும் ஓட்டப்பயிற்சியும் மேற்கொள்வோரைக் காணலாம். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்க்கு ஓட்டம் வாழ்வின் வாயில். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் கடக்க வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. தேர்வுநாள் நெருங்குகையில் வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடத் தோன்றும். சிறு காயம் பெரிதாவது அப்போதுதான்.

தோலில் நேர்வன

காலணியின் உராய்வாலும் வியர்வையாலும் கொப்புளம் தோன்றும். அதனை உடைத்தல் கூடாது; மேல்தோலே கிருமி புகாது காக்கும் இயற்கைக் கட்டு. சிராய்ப்பை ஓடும் நீரில் கழுவி, மண்ணை அகற்றி, தூய துணியால் மூட வேண்டும். காப்பித்தூள் அப்பும் வழக்கம் புண்ணை மாசுபடுத்தும். மண்பட்ட காயத்தால் ரணஜன்னி வரக்கூடும். அதற்கான தடுப்பூசி 10, 16 ஆகிய வயதுகளில் அளிக்கப்படுகிறது, நீங்கள் செலுத்திக்கொண்டீர்களா?

சுளுக்கு

அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கு படிகளை 1978இல் வகுத்தார். வீக்கமும் குணமாதலின் ஒரு பகுதியே என்பதால், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பிற்காலத்தில் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனவே, வலி தணியச் சிறிது நேரம் மட்டும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றலாம். வலி குறைந்ததும் மெல்ல அசைக்கத் தொடங்கலாம். நான்கு அடி எடுத்துவைக்கவும் இயலாவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

நிற்பதும் பயிற்சியே

ஓடியபின் தசை முழுதும் பரவும் வலி ஓரிரு நாளில் தணியும். முன்காலெலும்பில் ஒரே இடத்தில் தோன்றி, ஓடுந்தோறும் மிகும் வலி அத்தகையதன்று. எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைக் கண்டவர் தேர்வுக்களத்திற்குத் திரும்ப வழியுண்டு. விரிசலோடு ஓடுபவர் பல வாரங்கள் நடக்கவும் இடர்ப்படுவார். நலமடைந்தபின் முதலில் நடை, அடுத்து மெதுவோட்டம், இறுதியில் விரைவு என்பதே முறை.

கற்பவை கற்றபின்

உம் பள்ளி முதலுதவிப் பெட்டியில் உள்ள பொருள்களையும் அவற்றின் பயனையும் பட்டியலிடுக.