எப்படி வந்தது? விக்டோரியா காலத்து பிரிட்டன்

கேள்வி: இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே நேரம் எப்போது வந்தது?

பதில்: ரயில் ஓடத் தொடங்கிய பிறகு. அதுவரை ஒவ்வோர் ஊரும் சூரியனைப் பார்த்தே தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. மேற்கே இருக்கும் பிரிஸ்டலில் மணி லண்டனைவிடச் சுமார் 10 நிமிடம் பிந்தியிருந்தது. குதிரை வண்டியில் போனவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ரயிலுக்கோ கால அட்டவணைதான் உயிர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840 நவம்பரில் தன் நிலையங்கள் அனைத்திலும் லண்டன் நேரத்தைக் கொண்டுவந்தது. 1847இல் மற்ற கம்பெனிகளும் லண்டன் நேரமான கிரீனிச் நேரத்துக்கு மாறத் தொடங்கின. 1852 முதல் கிரீனிச் வானாய்வகத்திலிருந்து தந்திக் கம்பி வழியாகவே நேரம் அனுப்பப்பட்டது.

ஊர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1858இல் டார்செஸ்டர் நீதிமன்றத்தில், கிரீனிச் நேரம் காட்டிய கடிகாரப்படி நீதிபதி அமர்ந்து, வந்துசேராத தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஊர்க் கடிகாரப்படி அவர்கள் தாமதமாக வரவில்லை. மேல் நீதிமன்றம் உள்ளூர் நேரமே செல்லும் என்று கூறி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. கிரீனிச் நேரம் 1880இல்தான் சட்டமானது. பிரிஸ்டல் கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் உண்டு: ஒன்று ஊர் நேரத்துக்கு, மற்றொன்று லண்டன் நேரத்துக்கு.

கேள்வி: கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தொடங்கிவைத்தவர் யார்?

பதில்: ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி. பண்டிகைக்குப் பலருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாத அவர், 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு அட்டை ஒன்றை வரையச் செய்தார். நடுவில் மதுக் கிண்ணம் ஏந்திய குடும்பம். இரு பக்கமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள். படத்தில் சிறு குழந்தைக்கும் மது புகட்டப்படுவதைக் கண்டு மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. சாமானியர்களுக்கு அது எட்டாத விலை.

அட்டை பரவ வழிவிட்டது தபால் சீர்திருத்தம். முன்பு தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் வசூலித்தார்கள். பெரும்பாலும் பெறுபவரே அதைக் கட்டினார். ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி 1840இல் அரை அவுன்ஸ் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குப் போனது. 1839இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் அடுத்த ஆண்டே சுமார் 16.9 கோடியாயின. 1870இல் அஞ்சலட்டைக் கட்டணம் அரைப் பென்னியானது. வண்ண அச்சும் மலிவானது. அதன் பிறகே வாழ்த்து அட்டை வீட்டுக்கு வீடு புகுந்தது.

கேள்வி: ஆங்கிலேயக் கால்பந்து ஆட்டங்களைச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் வழக்கம் எப்படி வந்தது?

பதில்: தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களையும் இளைஞர்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் நெசவாலைகளில் வேலை வாங்கக் கூடாது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது; ஆகவே ஆண்களுக்கும் விடுப்புக் கிடைத்தது. மற்ற தொழில்களும் நாளடைவில் இந்த வழிக்கு வந்தன. வேலை முடிந்து மைதானத்துக்கு வர 3 மணி தோதாக இருந்தது. குளிர்காலத்தில் இருட்டுவதற்குள் ஆட்டமும் முடிந்துவிடும்.

1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் அமைத்து விதிகளை எழுதியவர்கள் வசதி படைத்தவர்கள். ஆட்டம் தொழிலாளர் கைக்கு மாற 20 ஆண்டுகள் ஆயின. அந்தச் சங்கக் கோப்பையின் 1883 இறுதியாட்டத்தில், ஆலைத் தொழிலாளர்கள் இடம்பெற்ற பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்று வென்றது. 1885இல் சம்பளம் வாங்கி ஆட அனுமதி கிடைத்தது. 1888இல் தொடங்கிய ஃபுட்பால் லீக்கின் 12 அணிகளும் லங்காஷயர், மிட்லாண்ட்ஸ் தொழில் நகரங்களைச் சேர்ந்தவை.

கேள்வி: ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ஆங்கிலேயரின் பழைய உணவா?

பதில்: இல்லை. மாவில் தோய்த்துப் பொரித்த மீன், ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து வந்த யூதர்களோடு லண்டனுக்கு வந்தது. அதை உருளைக்கிழங்கு வறுவலோடு சேர்த்து விற்பது 1860களில் தொடங்கியது. முதல் கடை லண்டனில் ஜோசப் மாலின் வைத்ததா, லங்காஷயரில் ஜான் லீஸ் வைத்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

நீராவிப் படகுகள் வட கடலில் ஏராளமாக மீன் பிடித்தன. பனிக்கட்டியில் வைத்த மீனை ரயில் அன்றாடம் உள்நாட்டு நகரங்களுக்குச் சேர்த்தது. கணவனும் மனைவியும் ஆலைக்குப் போகும் வீடுகளில் சமைக்க நேரமில்லை. மலிவாகவும் சூடாகவும் காகிதத்தில் மடித்துக் கிடைத்த இந்த உணவு அங்கே நிலைத்துவிட்டது. 1910 வாக்கில் நாட்டில் சுமார் 25,000 கடைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் பலவற்றுக்கும் ரேஷன் வந்தபோதும் இதற்கு வரவில்லை.

கேள்வி: பொது விடுமுறையை 'பேங்க் ஹாலிடே' என்பது ஏன்?

பதில்: அது வங்கிகளுக்கான சட்டத்தில் பிறந்தது. வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பாக் 1871இல் அதைக் கொண்டுவந்தார். விடுமுறையன்று செலுத்த வேண்டிய வணிக உண்டியல்களை மறுநாள் செலுத்தலாம் என்று சட்டம் சொன்னதால் வங்கிகள் நஷ்டமின்றிக் கதவடைக்க முடிந்தது. வங்கி மூடினால் வணிகம் நடக்காது. கடைகளும் ஆலைகளும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்துக்கு முதலில் கிடைத்தவை நான்கு நாட்கள்: ஈஸ்டர் திங்கள், விட் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26. 1974இல் புத்தாண்டு நாளும் 1978இல் மே முதல் திங்களும் சேர்ந்தன.