எந்தப் பயணத்துக்கு எந்தக் காப்பீடு?

விமான டிக்கெட் எடுக்கும்போது, பணம் கட்டுவதற்குச் சற்று முன்னால், காப்பீடும் சேர்க்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் டிக் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பெட்டி தொலைந்தால் சில ஆயிரம் ரூபாய் போகும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தால் ஊரில் உள்ள வீட்டை விற்கும்படி ஆகலாம். அதனால் எந்தப் பாலிசியிலும் முதலில் இரண்டைப் பாருங்கள்: மருத்துவச் செலவுக்கு எவ்வளவு தருகிறார்கள், நோயாளியையோ உடலையோ ஊர் கொண்டுவரும் செலவை ஏற்கிறார்களா. பெட்டி, விமானத் தாமதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, போகும் இடம். ஐரோப்பாவின் 29 ஷெங்கன் நாடுகளுக்குப் போக விசா கேட்கும்போதே, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். தங்கும் எல்லா நாளுக்கும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் அது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு மூன்று நாள் கூட்டியே எடுங்கள். விமானம் ரத்தானால் உதவும். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது பெற்றோரின் அமெரிக்கப் பயணத்துக்குத்தான். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கும், அப்பாவுக்கு பிரஷரோ பழைய ஸ்டென்ட்டோ இருக்கும். பழைய நோய்க்கான சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும் ஒரு வரம்பு வரை கிடைக்கும். அந்த வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. அட்டையில் ஒரு லட்சம் டாலர் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், அறுவை சிகிச்சைக்கு அதில் சிறு பங்குதான் கிடைக்கும். அமெரிக்காவில் விற்கும் விசிட்டர் பாலிசிகளிலும் இப்படி இரண்டு வகை உண்டு: இன்ன சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று கட்டித் தருவது ஒன்று, நீங்கள் கட்ட வேண்டிய முதல் தொகை போக மீதியைப் பெருமளவு ஏற்பது மற்றொன்று. பிரீமியம் கூடினாலும் இரண்டாவதுதான் பெற்றோருக்கு ஏற்றது.

பிரபோசல் படிவத்தில் சர்க்கரையை மறைக்கவே மறைக்காதீர்கள். ‘சொன்னால் பிரீமியம் ஏறும்’ என்று ஏஜென்ட் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் குறிப்பில் மாத்திரைகளின் பெயர் இருந்தாலே போதும், க்ளெய்ம் போய்விடும். இங்கே எடுக்கும் பாலிசிகள் பொதுவாக 180 நாள் வரைதான். அதற்கு மேலும் தங்குவதானால் காலம் முடியுமுன்னே நீட்டியாக வேண்டும்.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்கென்றே தனி மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பவர்கள் விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டுகிறார்கள். அரசு மருத்துவச் சேவை அதிலேயே அடங்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் பாலிசியைத்தான் எடுக்கச் சொல்கிறதா என்று கேட்ட பிறகே இங்கே வாங்குங்கள்.

கயிலாய யாத்திரை, எவரெஸ்ட் அடிவார முகாம் என்று மலையேறுபவர்கள் உயரத்தைப் பார்க்க வேண்டும். அடிவார முகாம் 5,364 மீட்டர். கயிலாயப் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரையும் தாண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடந்தவற்றுக்குப் பொறுப்பேற்காத பாலிசிகள் பல. உங்கள் பாதையின் உச்சி அந்த உயரத்துக்குள் வருகிறதா, ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு சேர்கிறதா என்று பாருங்கள்.

உள்நாட்டு ரயில் பயணக் காப்பீட்டுக்குச் செலவே இல்லை எனலாம். ஐஆர்சிடிசி இணையத்தில் முன்பதிவு செய்யும்போது ஆளுக்கு 45 பைசாதான்; விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம் ரூபாய். ஆனால் டிக்கெட் எடுத்த பின் வரும் இணைப்பில் நாமினி பெயரை நிரப்ப வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கிளம்பும் முன் பாலிசி எண்ணையும் 24 மணி நேர உதவி எண்ணையும் தாளில் எழுதி, உடன் வருபவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் முதலில் அந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், பணம் கட்டிய ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்னே விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் கொடுத்து, அதற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.