பேச்சும் எழுத்தும்: மாணவர் மொழித் தொகுப்பு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் வீட்டில் உருது பேசும் குழந்தைகள் பலர், தமிழை வகுப்பறையில்தான் முறையாகக் கற்கின்றனர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழை வகுப்புவாரியாகக் கட்டாயப் பாடமாக்கியது. ஆனால், எழுத்துத் தேர்வு அவர்களின் பேச்சு வளர்ச்சியைக் காட்டாது. தவறுக்கு அஞ்சும் குழந்தை வாய் திறப்பதில்லை. அதை நாமும் அறியாமை என்று எண்ணிவிடுகிறோம்.

ஐரோப்பிய மன்றம் 2001இல் அறிமுகப்படுத்திய மொழித் தொகுப்பில் மொழிக் கடவுச்சீட்டு, மொழி வரலாறு, படைப்புக் கோப்பு என மூன்று பகுதிகள் உண்டு. அதை நம் வகுப்புக்கேற்ப எளிமையாக்கலாம்.

1. முதல் பக்கம்: வீட்டில், தெருவில், பள்ளியில் பேசும் மொழிகளை மாணவரே எழுதட்டும். உருதுவும் அவரது திறனே.

2. பேச்சு: பருவத்திற்கு ஒருமுறை ஒரு நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து நாள் குறிக்கவும். பாலாறு, தோல் தொழிற்சாலை, அம்மாவின் வேலை ஆகியவை தலைப்பாகலாம்.

3. எழுத்து: முதல் வரைவையும் திருத்திய படியையும் சேர்த்தே வைக்கவும்.

இரு மொழிகளிலும் வினை இறுதியில் வருவதால் சொல்வரிசை கடினமன்று. உருதுவில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ‘கிதாப்’ (புத்தகம்) பெண்பால். எனவே அஃறிணை வினைமுற்றுக்குத் தனிப் பயிற்சி தேவை. ழகரமும் அவர்களுக்குப் புதிது. ஒரு பருவத்தில் ஒன்றை மட்டும் திருத்துக.

தொகுப்புக்கு மதிப்பெண் வேண்டாம். ஆண்டிறுதியில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் குழந்தை அடுத்தடுத்துக் கேட்கட்டும். தன் வளர்ச்சியை அது தானே உணரும்.