கடற்களிமண்ணில் பூந்தோட்டம்

இயற்கை முறைப் பூந்தோட்டம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மழை பெய்த மறுநாள் காலை போங்கள் என்பதுதான். வெயில் நாளில் எல்லாத் தோட்டமும் அழகாகவே தெரியும். மழைக்குப் பிறகு பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, மேல்மண் ஏடு கட்டி இறுகிக் கிடக்கிறதா, விரலை விட்டால் பொலபொலவென்று இறங்குகிறதா என்று பார்த்தாலே போதும், தோட்டக்காரர் எதைப் பேணுகிறார் என்பது புரிந்துவிடும். செடிக்கு உரம் கொடுப்பவர்கள் உண்டு. மண்ணுக்கு உணவு கொடுத்து, செடியை மண்ணின் பொறுப்பில் விடுபவர்களும் உண்டு. போர்ட் கிள்ளானில் வீட்டு வாசலில் நான்கு மல்லிகை, நந்தியாவட்டை வைக்க நினைப்பவர்கள் இரண்டாம் வகையினரிடம்தான் பாடம் கேட்க வேண்டும். அதற்குக் காரணம் நம் காலடியிலேயே இருக்கிறது.

பூலாவ் இண்டா, தெலுக் கோங், பண்டமாரான் என்று நீளும் இந்தக் கரையோர நிலத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் அலையாத்திக் காடும் சேறும். அடியில் இருப்பது கடற்களிமண். இத்தகைய களிமண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருப்பதுண்டு. நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அதனால் தொல்லையில்லை. வடிகால் வெட்டிக் காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறுகிறது, மண்ணின் பி.எச். அளவு 4க்கும் கீழே போகிறது. கரைந்து வெளிவரும் அலுமினியம் வேர்நுனியை வளரவிடாமல் முடக்குகிறது. கால்வாய் தோண்டிக் கரையில் போட்ட மண்கட்டியை உடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கட்டிக்குள் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கீற்றுகள் ஓடினால், பக்கத்துக் கால்வாய் நீரில் துருப்பிடித்தாற்போல் செம்படலம் மிதந்தால், அந்த மண்ணை ஒரு கூடைகூடப் பாத்தியில் போடாதீர்கள். தாமான் வீடுகளில் கதை வேறு. அங்கே லோரியில் கொண்டுவந்து கொட்டி, உருளை ஏற்றி இறுக்கிய செம்மண். அதில் மட்கும் கிடையாது, காற்றோட்டமும் கிடையாது.

இப்படிப்பட்ட மண்ணுக்கு மூட்டை உரம்தானே சுலபம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நைட்ரேட் சாக்கிலிருந்து வந்ததா, சாணத்திலிருந்து வந்ததா என்று வேர் பார்ப்பதில்லை. அந்த அளவில் உர வணிகர் சொல்வது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. மட்கில்லாத மண்ணில் போட்ட உரம் வேரில் தங்குவதற்குள் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து மலாக்கா நீரிணைக்குப் போய்விடும். மட்கு இருந்தால்தான் சத்தைப் பிடித்துவைக்க இடம் உண்டு. இன்னொன்று, அளவுக்கு மீறி யூரியா வைத்தால் செடி தளதளவென்று தழைக்கும், மொட்டு குறையும், இளந்தளிரைத் தேடி அசுவினி வரும். பூவுக்குத் தேவையான பொட்டாசியத்துக்கோ மலேசியா வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. 2022இல் உர விலை ஏறியபோது தோட்டக்காரர்கள் பட்ட பாடு தெரிந்ததே. நம் வட்டாரத்திலேயே செம்பனை ஆலைகள் இருக்கின்றன. ஒரு டன் பழக்குலையில் சுமார் 220 கிலோ வெற்றுக்குலையாக மிஞ்சுகிறது, அதில் பொட்டாசியம் தாராளம். பச்சையாகக் குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால், மட்கவைத்ததையே வாங்க வேண்டும்.

நேரில் பார்க்க நான் பரிந்துரைக்கும் இடம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொலைவில்லாத கெபுன் கெபுன் பங்சார். பூவுக்கென்றே உள்ள தோட்டமல்ல. காய்கறி, மூலிகை, பூ எல்லாம் கலந்த சமூகத் தோட்டம். புக்கிட் பண்டாராயாவில் மின்கம்பிகள் செல்லும் ஒதுக்கு நிலச் சரிவில், 2017இல் நிலவனப்புக் கலைஞர் இங் செக் சான் முன்னின்று தொடங்கியது. அங்கே போனால் பூவைப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல் மட்குக் குவியல் எங்கே என்று கேளுங்கள். வெட்டிய கிளையும் உதிர்ந்த இலையும் எங்கே போகின்றன, வெளியிலிருந்து எவ்வளவு மண் வந்தது, எதை மூடாக்காகப் போடுகிறார்கள் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். அது மலைச்சரிவு, நம்முடையது கடல்மட்ட நிலம். ஆகவே அவர்கள் பாத்தியை அப்படியே நகலெடுத்துப் பயனில்லை. இங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் பள்ளம் தோண்டாமல், தரைக்கு மேல் ஓரடியாவது மேட்டுப்பாத்தி எழுப்புவதே சரி.

பூவை யாரும் சாப்பிடப் போவதில்லையே, மருந்தடித்தால் என்ன என்பவர்களும் இருக்கிறார்கள். 2016இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று, கடைகளில் வாங்கிய 90 பூங்கொத்துகளில் 107 வகைப் பூச்சிமருந்து, பூஞ்சைமருந்துப் பொருள்களைக் கண்டது. பூவைத் தொட்டுத் தொட்டு வேலை செய்பவர்களின் தோலில் அவை சேரும் என்பதே அந்த ஆய்வாளர்களின் கவலை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காலை முதல் இரவு வரை கையுறை இல்லாமல் மாலை கட்டுபவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் தலையில் சூட்டுகிறோம். சங்குப்பூவை நாசி கெராபுவுக்குச் சாயமாக்கி உண்ணவே செய்கிறோம். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் தேவைப்படும் பூவை வீட்டுத் தோட்டம் ஈடுசெய்யாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அன்றாட சாமிப் படத்துக்கான பூ வாசலிலேயே பூக்க முடியும்.

மட்கு போட்டால் ஈயும் நாற்றமும் வரும் என்ற அச்சத்துக்குக் காரணம் பச்சைக் கோழி எரு. அதைத் தவிருங்கள். காய்ந்த இலை மூன்று பங்கு, சமையல் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கி, மேலே எப்போதும் காய்ந்ததே இருக்கும்படி மூடினால் வாடை வராது. ஏடிஸ் கொசு தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிடும். ஆகவே ஈரக் குவியலை அல்ல, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைத்தான் எடுத்துவிட வேண்டும். கோயிலில் கழிக்கும் மாலைகள் நல்ல மட்குப் பொருள், ஆனால் நூலையும் ஜிகினாவையும் பிளாஸ்டிக் நாரையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்த பிறகே சேர்க்க வேண்டும். அமில மண்ணுக்கு டோலமைட் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக, நடுவதற்குச் சில வாரம் முன்பே. மண் தேறிவிட்டதா என்று அறிய, காய்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். உடனே கரைந்து கலங்கினால் இன்னும் ஒரு பருவம் மூடாக்குப் போட வேண்டும். கட்டி கலையாமல் நின்றால் மல்லிகைப் பதியனை நடலாம்.