மலையூர்களுக்கு நடந்து வரும் உதவி

நற்பணி செய்யும் நோக்குடன் குழுவாக மலையேறிச் சிற்றூர்களுக்கு நடந்து செல்வோர் இன்று பலர். பள்ளிக்குப் புத்தகம், நோயாளிக்கு மருந்து, குளிருக்குக் கம்பளி என அவர்கள் சுமந்து வருவன பல. ஆனால், குழு மலையிறங்கிச் சென்ற பின்னர் ஊரில் நிலைத்து நிற்பது யாது? இக்கேள்விக்கு விடை காண, நேபாள நாட்டின் கும்பு வட்டாரத்தில் நடைபெற்ற பணியை ஆராய்வோம்.

எவரெஸ்ட் சிகரத்திற்குத் தெற்கே ஷெர்ப்பா மக்கள் வாழும் பகுதி கும்பு. உருளைக்கிழங்குச் சாகுபடியும், யாக் என்னும் சடையெருமை வளர்ப்பும் அவர்தம் தொழில்கள். மலையேறுவோருக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பொருள் ஈட்டினர். 1953 மே 29ஆம் நாள் டென்சிங் நார்கேயுடன் சிகரத்தை எட்டிய எட்மண்ட் ஹில்லாரி, 1960-61இல் ஒரு குழுவுடன் மீண்டும் அங்குச் சென்றார். தம்முடன் உழைத்த மக்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று வினவினார். அவர்கள் கேட்டது பள்ளிக்கூடம்.

அதன்படி, சுமார் 12,400 அடி உயரத்திலுள்ள கும்ஜுங் கிராமத்தில் 1961இல் பள்ளி தொடங்கப்பெற்றது. டார்ஜிலிங்கிலிருந்து ஆசிரியர் வரவழைக்கப்பட்டார். 1963இல் நடந்து சென்ற குழு, பாங்போச்சே, தாமே ஆகிய ஊர்களில் பள்ளிகளைக் கட்டியது. கும்ஜுங்கிற்குக் குழாய் வழியே குடிநீர் கொணர்ந்தது. அப்போது பெரியம்மை பரவவே, குழுவினர் ஊர் ஊராகச் சென்று அம்மை குத்தினர். 1966இல் குண்டேயில் மருத்துவமனை எழுந்தது. உணவில் அயோடின் குறைவால் அங்கு மிகுந்திருந்த முன்கழுத்துக் கழலை நோய், மருத்துவமனையின் முயற்சியால் பெரிதும் தணிந்தது.

இப்பணியிலிருந்து நாம் கற்கத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, தேவையை ஊராரே கூற வேண்டும். வருவோர் தம்மிடம் உள்ளதைக் கொடுப்பது எளிது. ஊருக்கு வேண்டியதைக் கேட்டறிந்து கொடுப்பதே பயன் தரும்.

இரண்டாவது, ஊராரின் உழைப்பும் பொறுப்பும் சேர வேண்டும். கட்டடப் பொருள்களை ஏற்றி வருவதற்காக 1964இல் லுக்லாவில் விமானத் தளம் அமைத்தபோது, ஷெர்ப்பாக்களே நிலத்தைத் திருத்தினர். மண் இறுகும்பொருட்டு வரிசையாகக் கைகோத்து ஆடி மிதித்தனர். பின்னாளில் குண்டே மருத்துவமனையின் பொறுப்பை ஷெர்ப்பா மருத்துவர்களே ஏற்றனர். வெளியார் தொடங்கியது ஊரார் கைக்கு வந்ததே இப்பணியின் மெய்யான வெற்றி.

மூன்றாவது, நன்மையோடு வரும் தீமையையும் முன்னரே எண்ண வேண்டும். முன்பு காட்மாண்டுவிலிருந்து கும்புவை அடைய இரண்டு வாரங்களுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் என அமைந்த லுக்லா தளம் அவ்வழியைச் சுருக்கவே, பயணிகள் திரளாக வரலாயினர். ஷெர்ப்பாக்களின் வருவாய் உயர்ந்தது. ஆயினும், அடுப்புக்கும் விடுதிக்கும் மரங்கள் வெட்டப்பட்டுக் காடு குன்றியது. குளிர்ந்த மலையுச்சியில் மரம் மெல்லவே வளரும். வெட்டிய வேகத்தில் மீளாது. இதனால் 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. நாற்றங்கால்கள் தோன்றின, மலையேறும் குழுவினர் தமக்கு வேண்டிய எரிபொருளைத் தாமே கொண்டு வர வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஆதலின், உதவிக் குழு எதுவும் ஊருக்கு வர விரும்பினால், ஊராட்சி உறுப்பினர்கள் அதனைக் கிராம சபையில் வைத்துச் சில வினாக்களை எழுப்புதல் நலம். இப்பணி நம் முதல் தேவையா? இடமும் உழைப்பும் நல்குவோர் யார்? ஆசிரியருக்கு ஆண்டுதோறும் ஊதியம் எங்கிருந்து வரும்? குழாய் உடைந்தால் பழுது பார்ப்பவர் யார்? வருவோர்க்கு விறகும் நீரும் எவ்வளவு செலவாகும்? அவர்கள் விட்டுச் செல்லும் குப்பையை அகற்றுவது யார் கடமை? முடிவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வருவோர்க்கும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

விருந்தினரை வரவேற்பது நம் பண்பு. அவர்களிடம் நம் தேவையைத் தெளிவாக எடுத்துரைப்பதும் அப்பண்புக்கு மாறானதன்று. கேட்டுப் பெற்று, உழைத்து வளர்த்து, தானே பேணும் ஊரிலேதான் பிறர் தந்த உதவி நிலைபெறும்.